ஊர் நடை: கடைவீதிக்குப் போயிட்டு வரேன்!

நம் வீடுகளில் இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒன்று, "கடைக்குப் போயிட்டு வரேன்." இன்னொன்று, "கடைவீதிக்குப் போயிட்டு வரேன்." கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. முதலாவதில் கையில் துண்டுச்சீட்டு இருக்கும். கால் கிலோ உளுந்து, ஒரு பாக்கெட் பால், பத்து நிமிடத்தில் வீடு திரும்பியாக வேண்டும். இரண்டாவதில் சீட்டு கிடையாது. மாலை நான்கு மணிக்குத் தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஏழு மணிக்குத் திரும்பும்போது பையில் ரெண்டு கெஜம் லைனிங் துணியும் ஒரு அட்டை ஊக்கும் மட்டும் இருக்கும். மூன்று மணி நேரம் அங்கே என்ன செய்தாய் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வாரம் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நம் வீடுகளில் அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது.

கடைகள் உண்டு, கடைவீதி இல்லை

நான் இருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். வசதியான பகுதி. சாரதா கல்லூரி சாலை, நாலு ரோடு, ஐந்து ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக் கதவு வைத்த கடைகள். எது வேண்டுமானாலும் ஸ்கூட்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம்.

ஆனால் இங்கே இருப்பவை கடைகள் மட்டும்தான். ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறோம், வேலையை முடிக்கிறோம், அடுத்த கடைக்குப் போக மறுபடியும் வண்டியை எடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவே நூறடிதான் இருக்கும். இருந்தாலும் நடப்பதில்லை. அந்த நூறடியில் பார்க்க ஒன்றும் இல்லை, கால் வைக்க இடமும் இல்லை.

கடைவீதி என்றால் சேலத்துக்காரர்களுக்கு அது பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள பகுதிதான். சின்னக்கடை வீதி, முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம். வ.உ.சி. மார்க்கெட் பக்கம் போனால் பூ வாசனை. இன்னும் கொஞ்சம் தள்ளி, வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய பேட்டை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

இந்த வீதிகளில் கடைகள் எல்லாம் குறுகல். ஆள் அகலத்துக்கு ஒரு வளையல் கடை, பக்கத்தில் பாத்திரக்கடை, அதற்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக்கடை, அடுத்து மேட்சிங் ப்ளவுஸ் துணி. நாலு அடி எடுத்து வைத்தால் வேறு வாசனை, வேறு நிறம். வழியில் ஒரு தட்டுவடை செட் கடை வந்துவிட்டால் நடை தானாக நின்றுவிடும். மெதுவாக நடப்பவருக்காகவே அமைந்தது போலிருக்கும் வீதிகள் இவை. இன்று அங்கே முடியாத ஒரே காரியமும் மெதுவாக நடப்பதுதான்.

அம்மா ஏன் போவதில்லை?

என் அம்மா கடைவீதிக்குப் போவதை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு பைக் ஹாரன் அடித்திருக்கிறது. ஒதுங்கப் போனால் இந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தி வைத்த வண்டிகள், அந்தப் பக்கம் சரக்கு இறக்கும் குட்டி யானை. அவசரத்தில் கால் பிசகி விழுந்துவிட்டார். பெரிய அடி இல்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, "எனக்கு என்ன வேணுமோ நீயே போன்ல பாத்து வாங்கிக் குடு கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

நானும் வாங்கிக் கொடுக்கிறேன். அவர் கேட்ட நிறத்திலேயே புடவை ஃபால்ஸ் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அம்மாவுக்குக் குறைந்துபோனது ஃபால்ஸ் இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

யோசித்துப் பாருங்கள். நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் காரணம் சொல்லாமல் வெளியே போக எத்தனை இடங்கள் இருந்தன? அப்பா சாயங்காலம் டீக்கடைக்குப் போவார். அண்ணன் நண்பர்களோடு தெருமுனையில் நிற்பான். "எங்கே போறே?" என்று யாரும் கேட்பதில்லை. பெண்களுக்கு அப்படி இருந்தவை இரண்டுதான். ஒன்று கோயில், இன்னொன்று கடைவீதி. ஊக்கு வாங்க வேண்டும் என்பது ஒரு சாக்கு. வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கலாம், பழைய பள்ளித் தோழியைப் பார்த்தால் நின்று பேசலாம், வாங்காத புடவைக்கும் விலை கேட்கலாம். கடைவீதியில் நடக்க முடியாமல் போகும்போது அந்தச் சாக்கும் சேர்ந்து போய்விடுகிறது. வீட்டு வாசலுக்குப் பொருளைக் கொண்டுவந்து தரும் ஆப்களால் அந்த மூன்று மணி நேரத்தைக் கொண்டுவந்து தர முடியாது.

ஹாரன் இல்லாத ஒரு வீதி

என் கல்லூரித் தோழி ஒருத்தி இப்போது டென்மார்க்கில் படிக்கிறாள். ஒரு ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்தாள். அங்கே அப்போது மதியம் மூன்றரை. கோபன்ஹேகன் நகரத்தின் பிரபலமான கடைவீதியான ஸ்ட்ராயெட்டில் நடந்துகொண்டே போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நகரசபைச் சதுக்கத்தில் தொடங்கி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நீளும் வீதி. உண்மையில் அது ஒரே தெரு கிடையாது. ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் பல பழைய தெருக்களுக்குச் சேர்த்து வைத்த பெயர். நம் ஊரில் நாலைந்து தெருக்களைச் சேர்த்துக் கடைவீதி என்கிறோமே, அதே மாதிரி.

நடுவில் ஒரு சதுக்கத்தில் நாரை நீரூற்று என்று ஒன்று இருக்கிறது. பிரசவம் பார்க்கும் படிப்பை முடிக்கும் மாணவிகள் அந்த நீரூற்றைச் சுற்றி ஆடுவது அந்த ஊர் வழக்கமாம். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கவனித்தது வேறு. "ஒரு ஹாரன் சத்தங்கூட கேக்கலியே கண்ணு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஸ்ட்ராயெட்டின் கதையைத் தேடிப் படித்தேன்.

பண்டிகைக்கு வைத்த தடுப்பு

ஐரோப்பா என்றாலே ஆதிகாலம் முதல் எல்லாரும் நிதானமாக நடந்துகொண்டிருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1950-களில் ஸ்ட்ராயெட்டும் கார்களும் பஸ்களும் முட்டி மோதும் தெருதான். நடைபாதையில் ஆட்கள் நெரிந்துகொண்டு போனார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மட்டும் ஓரிரு நாள் வண்டிகளைத் தடுத்து, ஜனங்கள் நடந்து பொருள் வாங்க வழி விடுவார்கள். 1962-ம் ஆண்டு நவம்பர் 17-ம் தேதி வழக்கம்போல அந்தத் தடுப்பை வைத்தார்கள். இந்த முறை பண்டிகை முடிந்தும் எடுக்கவில்லை. சோதனை முயற்சி என்று அறிவித்து நீட்டித்தார்கள். 1964-ல் அது நிரந்தரமானது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. கார் வராவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார் என்று வியாபாரிகள் கேட்டார்கள். தெருவில் உட்கார்ந்து காபி குடிக்க நாம் என்ன இத்தாலிக்காரர்களா, இந்தக் குளிரில் யார் நடப்பார்கள் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் ஜனங்கள் நடந்தார்கள். கடைகள் காலியாகவில்லை.

கட்டடக் கலைஞர் யான் கெல் அந்த வீதியில் நின்று எண்ணத் தொடங்கினார். எத்தனை பேர் நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். உளவியல் படித்த அவர் மனைவி இங்க்ரிட், கட்டடக் கலைஞர்களான நீங்கள் ஏன் மனிதர்களைக் கவனிப்பதில்லை என்று கேட்டதுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது என்பார்கள்.

கெல் சொல்லும் கணக்கு எளிமையானது. நடப்பவரின் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிறவருக்கு ஒவ்வொரு சில விநாடிக்கும் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும். நூறு மீட்டருக்குப் பதினைந்து இருபது கடை வாசல்கள் இருந்தால் அந்தத் தெரு உயிரோடு இருக்கும். இதைப் படித்ததும் எனக்குச் சின்னக்கடை வீதிதான் ஞாபகம் வந்தது. உலகத்து நிபுணர்கள் வரைபடத்தில் தேடும் குறுகிய கடை வாசல்கள் நம் பாட்டன்மார் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கின்றன.

இன்னொரு விஷயம், கோபன்ஹேகன் இதை ஒரே இரவில் செய்துவிடவில்லை. 1962-ல் அங்கே நடப்பவர்களுக்கென்று இருந்த இடம் சுமார் 15,800 சதுர மீட்டர். 1996-ல் அது 95,000 சதுர மீட்டருக்கும் மேல். நகர மையத்தில் கார் நிறுத்தும் இடங்களையும் ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம் என்று மெல்ல மெல்லக் குறைத்தார்கள். ஊருக்குப் பழக அவகாசம் கொடுத்தார்கள்.

நம் பாண்டி பஜார்

"அதெல்லாம் அந்த ஊருக்குச் சரி" என்று சொல்லத் தோன்றும். அவர்களுக்குக் குளிர் தடையாகத் தெரிந்தது, நமக்கு வெயில். ஆனால் நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை தி.நகர் பாண்டி பஜார்.

மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் உருவான குடியிருப்பு தியாகராய நகர். அதன் நடுவே ஓடும் தியாகராயர் சாலையில் வளர்ந்த அங்காடிதான் பாண்டி பஜார். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் சுருங்கி 'பாண்டி' ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்தச் சாலையை நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்றி 2019 நவம்பரில் திறந்தார்கள். திறந்துவைத்தவர் அப்போதைய முதல்வர், நம் சேலம் மாவட்டத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி. வண்டி ஓடும் பாதையைக் குறுக்கி, இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கினார்கள். மர நிழலில் உட்கார இருக்கைகள் போட்டார்கள். கார்களை நிறுத்தப் பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் பல அடுக்கு நிறுத்துமிடம் வந்தது. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையும் திறக்கப்பட்டது.

போன முறை சென்னை போனபோது ஒரு சாயங்காலம் அங்கே நடந்தேன். ஸ்ட்ராயெட் போல வண்டியே இல்லாத வீதி கிடையாது. பஸ்ஸும் காரும் போகின்றன. நடைபாதையில் பைக் ஏறுவதும் உண்டு. ஆனால் கண்ணில் பட்டது வேறு. இருக்கைகளில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் பை இல்லை. குழந்தைகள் அம்மாவின் விரலை விட்டுவிட்டு நாலடி முன்னால் ஓடின. அம்மாக்கள் பதறவில்லை. நம் ஊர்க் கடைவீதியில் குழந்தையின் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்து நடக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூக்கார அக்காவுக்கு எங்கே இடம்?

இங்கே ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பாண்டி பஜாரின் அடையாளமே நடைபாதைக் கடைகள்தான். வளாகம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நீதிமன்ற உத்தரவை அடுத்து, அந்த வியாபாரிகளை அதே சாலையில் கட்டிய அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். தெருவில் நடந்து போகிறவர் கண்ணில் பட்டு, கை நீட்டி எடுத்து, பேரம் பேசி வாங்கும் வியாபாரம் அது. ஒரு ஜோடி தோட்டுக்காக எத்தனை பேர் மாடி ஏறுவார்கள்?

சேலத்தில் நாளை ஒரு வீதியை அழகாக்க யாராவது கிளம்பினால், முதலில் எழுப்பப்படுவது பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவாக இருக்கக் கூடாது. இதற்குச் சட்டமே இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஊர்தோறும் ஒரு விற்பனைக் குழு வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. கடைவீதியில் நம்மை நிற்க வைப்பவர்களே இவர்கள்தான். முழம் போடும் பூவும், கூறு கட்டிய கொய்யாவும் இல்லாத வீதியில் கல் பதித்தால் அது வெறும் தளம்தான்.

பெரிய கடைக்காரர்களின் கவலையையும் ஒதுக்க முடியாது. சரக்கு எப்படி இறக்குவது? தூரத்திலிருந்து காரில் வரும் கல்யாண வீட்டார் பட்டு மூட்டையை எப்படித் தூக்கிப் போவார்கள்? இதற்கு டெல்லி சாந்தினி சவுக் ஒரு வழி காட்டுகிறது. செங்கோட்டைக்கும் ஃபதேபுரி மசூதிக்கும் நடுவே உள்ள அந்தப் பழைய கடைவீதியைச் சீரமைத்து 2021-ல் திறந்தபோது, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை என்று வைத்தார்கள். சரக்கு வண்டிகளுக்கு இரவு. புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் நடந்துதான் போகிறோம். யாரும் அதைக் கஷ்டமாகச் சொல்வதில்லை. அதனால் முழு நாளும் மூட வேண்டும் என்பதில்லை. ஒரு வீதி, சில மணி நேரம் போதும்.

தடுப்பு நம்மிடமும் இருக்கிறது

தீபாவளிக்கு முந்தைய நாட்களில் தமிழ்நாட்டின் பெரிய கடைவீதிகளில் நடப்பது நமக்குத் தெரியும். போலீசார் இரும்புத் தடுப்புகளை வைத்து வண்டிகளை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கண்காணிப்புக் கோபுரம் வைத்து, மைக்கில் "உடைமைகளைப் பத்திரமாகப் பாத்துக்குங்க" என்கிறார்கள். வருடத்திலேயே அதிக வியாபாரம் நடக்கும் நாட்கள் அவை. வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றால், அந்த நாட்களில்தானே முதலில் படுத்திருக்க வேண்டும்?

கோபன்ஹேகனும் இப்படித்தான் தொடங்கியது. பண்டிகைக்கு வைத்த தடுப்பை உடனே எடுக்காமல் விட்டது.

சேலத்துக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்ட் 2023-ல் ஈரடுக்குப் பேருந்து நிலையமாகப் புதிதாகத் திறக்கப்பட்டது. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் கடைவீதி பக்கத்திலேயே. வண்டிகளுக்காக ஐந்து ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஈரடுக்கு மேம்பாலத்தை 2020-ல் கட்டி முடித்த ஊர் இது. நடப்பவர்களுக்குக் கட்ட வேண்டியது எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு முதல் ஒன்பது வரை, முதல் அக்ரஹாரத்திலோ சின்னக்கடை வீதியிலோ ஒரு சிறு பகுதியில், தீபாவளிக்கு வைக்கும் அதே தடுப்பை வைத்துப் பார்க்கலாம். மூன்று மாதம் போதும். வியாபாரிகளும் கணக்குப் பார்க்கட்டும், நாமும் நடந்து பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் எடுத்துவிடலாம். கல் பதிப்பது, இருக்கை போடுவது எல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

அதுவரை நம் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. கடைவீதிக்குள் கடை வாசல் வரை பைக்கில் போயே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விடலாம். பஸ் ஸ்டாண்ட் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். முன்னால் ஒருவர் மெதுவாக நடந்தால் ஹாரன் அடிக்காமல் இரண்டு நிமிடம் காத்திருக்கலாம். அவர் யாருடைய அம்மாவாகவோ இருப்பார். வெகுநாளைக்கு அப்புறம் ஊக்கு வாங்க வந்திருப்பார்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கடைசியா எப்போ கடைவீதிக்குப் போனீங்க?" அவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள் என்றால், உங்கள் ஊரிலும் ஒரு தடுப்பு வைக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.